பத்ரோன் திறந்து பார்த்த எஞ்சின்

பத்ரோனின் கையிலிருந்து அந்தச் சிறிய கண்ணாடி விழுந்த சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. பல் வைத்தியர்கள் வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்களே, அப்படி ஒரு கண்ணாடி. நீண்ட கம்பியின் நுனியில் பொருத்தியிருக்கும். எஞ்சினின் பின்பக்கத்தில், கண்ணால் நேரே பார்க்க முடியாத இடத்தில் இருக்கும் எழுத்துகளை வாசிக்க அவர் அதைத்தான் எடுப்பார். பொருளைக் கீழே போடுகிற மனிதர் அல்ல அவர். ஒரு திருகாணி உருண்டால்கூட அது நிலத்தைத் தொடுமுன் பிடித்துவிடுவார். நான் மேசையை விட்டு எழுந்து அலுவலகக் கதவைத் திறந்தபோது, அவர் காரின் முன்மூடிக்குக் கீழே குனிந்தபடியே நின்றார். நிமிரவில்லை. மற்றக் கையிலிருந்த விளக்கு எஞ்சினை விட்டு விலகி நிலத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"முசியே, என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"கதவச் சாத்துங்க டீச்சர்," என்றார். "யாரும் உள்ள வர வேணாம்."

காரின் சொந்தக்காரர் நோர்மண்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பேக்கரிக்காரர். தெருமுனையில் கோப்பி குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். நான் கதவைச் சாத்தினேன். திரும்பியபோது பத்ரோனின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் கண்டிருந்தேன். அது அவருடைய மகளின் அடக்கத்தன்று.

நான் அந்தக் கராஜில் வேலைக்குச் சேர்ந்தது 2009இல். போரின் கடைசி மாதங்களில் ஊரில் என்ன நடக்கிறது என்று தெரியாமல், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் முழுவதும் கைத்தொலைபேசியைப் பிடித்தபடி தெருவில் நின்ற வருடம் அது. நான் புறநகரான வில்லியே லே பெல்லில் இருந்து ரயிலில் வந்து, ஒரு சேலைக் கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒருநாள் கடைக்குள் தவறி வந்துவிட்ட சுற்றுலாப் பெண் ஒருத்திக்கு நான் ஆங்கிலத்தில் வழி சொன்னதை, சேலை பார்க்க வந்த புதுச்சேரி அம்மா ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு இங்கிலீஷ் எழுதவும் வருமா?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள் என்றேன். "அப்ப எங்க வீட்டுக்காரர் கராஜுக்கு வாங்களேன். அமெரிக்காக்காரங்களுக்கு ஒரு மெயில் எழுதணும்னா மனுஷன் சாப்பாட்டையே மறந்துட்டு உக்காந்திருக்கார்," என்று சிரித்தார். அவர்தான் மதாம். அவருடைய கணவரை வேலைக்காரர்கள் எல்லோரும் முதலாளி என்ற பொருளில் பத்ரோன் என்றார்கள். நான் நேரே பேசும்போது முசியே என்பேன். அவர் என்னை முதல் நாளிலிருந்தே டீச்சர் என்றார்.

கராஜ் ரூ பிலிப்-து-ஜிராரிலிருந்து பிரியும் ஒரு சந்தின் முடிவில், ரயில் பாதைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. பத்ரோன் புதுச்சேரியில் பிறந்து, இளம் வயதிலேயே பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து லொறி எஞ்சின்களைப் பழுதுபார்த்தவர். ராணுவத்தை விட்டபின் சொந்தமாகக் கராஜ் போட்டார். அவருடைய பெயர் வெளியே தெரிந்தது ஒரேயொரு வகைக் கார்களால். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் செய்த, அளவுக்கு மீறிய பெரிய எஞ்சின் வைத்த, மஸில் கார் என்று சொல்லுகிறார்களே, அவை. பிரான்சில் அவற்றை வைத்திருப்பவர்கள் ஒருவகைப் பித்துப்பிடித்தவர்கள். அவர்களுக்கு வண்டி ஓடினால் போதாது. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எந்த எஞ்சின், எந்தக் கார்புரேட்டர், எந்த ஆல்டர்னேட்டர் அதில் இருந்ததோ அதுவே இன்றும் இருக்கவேண்டும். இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வதும், இல்லாததைத் தேடிப் பிடித்துப் பொருத்துவதும்தான் பத்ரோனின் வேலை. அந்தத் தேடலுக்கான கடிதப் போக்குவரத்து என்னுடையது.

ஆரம்பத்தில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகவே பட்டது. புத்தம்புதிய உதிரிப்பாகம் பெட்டியோடு கிடைக்கும்போது, துருப்பிடித்த ஒன்றை அமெரிக்காவின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஏன் வரவழைக்கவேண்டும்? ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. என்னை ஒரு எஞ்சினுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் மூன்று இடங்களைக் காட்டினார். பின்பக்கத்தில் இரும்போடு இரும்பாகப் புடைத்து நிற்கும் வார்ப்பெண். எந்த அச்சில் வார்த்தது என்பதை அது சொல்லும். அதன் அருகே வார்த்த தேதி: மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து, பிறகு நாள், பிறகு வருடத்தின் கடைசி இலக்கம். முன்பக்கத்தில், வழுவழுப்பாகச் சீவிய சின்ன மேடையொன்றில், எந்தக் காருக்காக இந்த எஞ்சின் பொருத்தப்பட்டதோ அந்தக் காரின் எண்ணைச் சுத்தியால் அடித்திருப்பார்கள். "முன்னாடி இருக்கறத யார் வேணா அடிக்கலாம். தேய்ச்சுட்டு வேற நம்பர் போட்டுடலாம்," என்றார். "ஆனா பாருங்க, கம்பெனில அந்த இடத்தச் சீவுறப்ப, மெல்லிசா கோடு கோடா விழும், தலைமுடி மாதிரி. தேய்ச்சா அது போயிடும். திரும்ப வராது. பின்னாடி வார்த்த தேதியை மாத்தறதும் லேசுல முடியாது. அத நான் கடைசிலதான் பாப்பேன்."

அவருக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா. நான் சேர்ந்தபோது புறநகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். தாய் தமிழில் கேட்பார், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். தகப்பனோடு மட்டும் தமிழில் பேசினாள். அதுவும் முக்கால்வாசி எஞ்சின் பற்றித்தான். சனிக்கிழமைகளில் வந்து, வெள்ளை மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நீலக் கால்சட்டை போட்டுக்கொண்டு தன்னுடைய காருக்குக் கீழே புகுந்துவிடுவாள். எஞ்சின் இல்லாமல், கதவுகள் இல்லாமல், ஒரு கோழிப் பண்ணைக்குப் பின்னால் கிடந்த வண்டி அது. அதற்கு எஞ்சின் தேடிப் பல மாதங்கள் நான் அமெரிக்காவுக்கு எழுதினேன். கடைசியில் ஒருவர் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அவள் என் மேசைமீது ஏறிக் குதிக்காத குறை. "டீச்சர், இங்க பாருங்க! என்னோட பர்த்டே!" வார்த்த தேதியின் மாதமும் நாளும் அவள் பிறந்த மாதமும் நாளுமாக இருந்தன. வருடம் மட்டும் அவள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு. அந்த எஞ்சின்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அது வந்து இறங்கியபோது முன்பக்கத்து மேடையில் வேறு ஏதோ ஒரு காரின் எண் இருந்தது. தெரிந்தவர்கள் சிலர், தேய்த்துவிட்டு உங்கள் காரின் எண்ணையே அடித்துவிடுங்கள், வெளியே விற்கவா போகிறீர்கள் என்றார்கள். பத்ரோன் மறுத்துவிட்டார். மகளுக்கும் அது பிடிக்கவில்லை. பக்கவாட்டில் தண்ணீர் வடிக்கும் துளை ஒன்று தேய்ந்து போயிருந்தது. பத்ரோன் பித்தளையில் ஒரு வளையம் கடைந்து அதற்குள் இறுக்கினார். உள்ளே எல்லா போல்ட்டுகளையும் அளவாக முறுக்கி முடித்தபின், ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் கீழே வரைக்கும் ஒரு கோடு போடுவது அவர் வழக்கம். போல்ட் அசைந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். அன்றைக்குப் பெயின்ட் பேனா காய்ந்துவிட்டது என்று மகள் தன் கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்துக் கோடு போட்டாள். கத்தரிப்பூ நிறம். "அப்பா, உள்ள யாரும் பாக்கமாட்டாங்க, அழகா இருந்தா என்ன?" என்று சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

ஓர் இலையுதிர்காலக் காலையில், கடற்கரை ஊரொன்றில் நடக்கும் பழைய கார்களின் சந்திப்புக்கு அவள் அந்தக் காரில் புறப்பட்டாள். போய்ச் சேரவில்லை. நோர்மண்டிப் பாதையில், மழையில், கார் குறுக்கே சுழன்று ஓட்டுநர் பக்கமாக மரமொன்றில் மோதியது. கார் சுழலுமுன் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டது போல் வீதியில் தடம் இருந்ததாகவும், பிரேக்கை மிதித்திருக்கலாம், வேகமாக வந்திருக்கலாம், எதுவும் உறுதியில்லை என்றும் பொலிஸார் சொன்னார்கள். காரை என்ன செய்வது என்று அங்கிருந்த பழைய இரும்பு வியாபாரி கேட்டபோது, பத்ரோன் பார்க்கக்கூடப் போகவில்லை. "மொத்தமா நசுக்கிடுங்க," என்று தொலைபேசியில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அதற்குப் பிறகு மதாம் கராஜுக்குள் காலடி வைக்கவில்லை. அவசரமாக எதையாவது கொடுக்கவேண்டுமென்றால் சந்தின் முனையில் நின்று எனக்குத் தொலைபேசி எடுப்பார். வீட்டில் அந்தக் காரைப் பற்றிய பேச்சே கிடையாது என்று ஒருமுறை சொன்னார். பத்ரோன் வேலைக்கு வந்தார், போனார். வருடங்கள் அப்படியே கழிந்தன.

பேக்கரிக்காரர் தம்முடைய காரைக் கொண்டுவந்தபோது எங்கள் ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. அது வேறு கார், வேறு நிறம். அவர் வாழ்நாள் முழுவதும் ஆசைப்பட்டு ஒரு வியாபாரியிடம் வாங்கியது. அந்தக் காரோடு பிறந்த எஞ்சின்தான் அதில் இருக்கிறது என்று எழுத்தில் உறுதி கேட்டு வந்திருந்தார். பத்ரோன் முன்பக்கத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். எண் சரியாக இருந்தது. அளவுக்கு மீறிச் சரியாக இருந்தது. மெல்லிய கோடுகள் இல்லை. அரைத்த கல்லின் வட்டத் தடங்கள்தான் இருந்தன. "ஃபோ," என்று என்னைப் பார்த்து முணுமுணுத்தார். பொய் என்று பிரெஞ்சில். பிறகு காரின் தகட்டில் இருந்த, அந்தக் கார் செய்த மாதத்தைக் குறித்துக்கொண்டு, கண்ணாடியை எடுத்து எஞ்சினின் பின்பக்கம் விட்டார்.

அதற்குப் பிறகுதான் அது கையை விட்டு விழுந்தது.

"நீங்களே பாருங்க," என்றார். நான் கண்ணாடியை எடுத்தேன். குறுக்கே ஒரு கீறல் விழுந்திருந்தது. விளக்கைப் பிடித்து, தலைகீழாகத் தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். மாதத்தின் எழுத்து. நாள். வருடத்தின் கடைசி இலக்கம். அந்தக் கார் தொழிற்சாலையை விட்டுப் போய் மாதங்கள் கழித்து வார்த்த எஞ்சின் அது. ஆனால் நான் மறுபடியும் வாசித்துப் பார்த்தது அதற்காக அல்ல. அந்த மாதமும் நாளும் பாப்பாவின் பிறந்தநாள்.

"இந்தத் தேதியிலை எத்தினையோ எஞ்சின் வாத்திருப்பாங்கள் முசியே," என்றேன்.

"அதத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன். பக்கத்துல, தண்ணி வடியற ஓட்டையில பித்தள இருக்கான்னு பாருங்க. எனக்கு முடியல."

நான் குனிந்தேன். துளையைச் சுற்றி எல்லாம் ஒரே செம்மஞ்சள் பெயின்ட். நகத்தால் சுரண்டினேன். முதலில் கறுப்பு இரும்பு. இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். மஞ்சளாகப் பளிச்சிட்டது.

"இருக்கு முசியே," என்றேன். ரயிலொன்று பின்சுவரை அதிரவைத்துக்கொண்டு போனது. நசுக்கச் சொன்ன காரிலிருந்து எஞ்சினைக் கழற்றி யாரோ விற்றிருக்கிறார்கள். யாரோ அதன் எண்ணைத் தேய்த்து இந்தக் காரின் எண்ணை அடித்திருக்கிறார்கள். அது சுற்றிச் சுழன்று, பிரான்சில் இத்தனை கராஜ்கள் இருக்க, இந்தச் சந்துக்குள் வந்து நிற்கிறது. அவளுடைய எஞ்சின் இத்தனை காலமும் யாருடைய வண்டியிலோ ஓடிக்கொண்டிருந்திருக்கிறது என்பதை என் மனம் ஏற்கவே மறுத்தது.

பேக்கரிக்காரர் திரும்பி வந்தார். பத்ரோன் அவருக்கு முறையாக எல்லாவற்றையும் காட்டினார்: தேய்த்த மேடை, பொருந்தாத மாதம், இது இந்தக் காரின் எஞ்சின் அல்ல என்ற முடிவு. அந்த மனிதர் அங்கே கிடந்த டயர்மீது உட்கார்ந்துவிட்டார். ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேனே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போது பத்ரோன், எஞ்சினின் அடியைத் திறந்து பார்க்க அனுமதி வேண்டும் என்று கேட்டார். அவருக்கு விளங்கவில்லை. பொய் என்றுதான் தெரிந்துவிட்டதே, இனி எதற்குத் திறப்பது? பத்ரோன் என் பக்கம் திரும்பினார். நான்தான் என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன்: "அது இவருடைய மகளின் எஞ்சின். அவள் இப்போது இல்லை." பேக்கரிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போய், காரின் முன்மூடியை மிக மெதுவாக, சத்தமே வராமல் மூடினார். சாவியை என் மேசையில் வைத்துவிட்டு, அவசரமில்லை, ஆறுதலாகச் செய்யுங்கள் என்று சொல்லி ரயிலில் ஊருக்குப் போனார்.

பத்ரோன் அதைத் தொடவில்லை. நாட்கள் போயின. மற்றக் கார்களின் வேலை நடந்தது. அந்தக் கார் மூலையில் துணி போர்த்தி நின்றது. எஞ்சினைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளத்தான் நினைக்கிறார், கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மதியம், சாப்பிட வாங்கி வந்த மீன் ரோல்ஸைத் தொடாமல் தட்டில் வைத்துக்கொண்டு, என் அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒரு விஷயம். இது வீட்ல கூடத் தெரியாது."

நான் கணினியை மூடினேன்.

"அன்னைக்குக் காலைல பாப்பா இங்க வந்தா. வண்டியை ஸ்டார்ட் பண்ணி, அப்பா கொஞ்சம் கேளுங்க, கீழ என்னவோ தட்டுதுன்னா. எனக்கு ஒரு ஆள் வெளில நின்னுக்கிட்டிருந்தான். ஒரு நிமிஷம் காது குடுத்தேன். ஒண்ணுமில்ல, குளிர், சூடானா நின்னுடும், நீ போயிட்டு வா, வந்தப்புறம் பாக்கலாம்னேன். போயிட்டா." தட்டைத் தள்ளி வைத்தார். "பின்சக்கரம் பூட்டியிருக்குன்னாங்க இல்ல? உள்ள பேரிங் ஒண்ணு போயிருந்தா முதல்ல அப்படித்தான் தட்டும். அப்புறம் எஞ்சின் ஒரேயடியா இறுகிடும். இறுகிட்டா பின்சக்கரமும் நின்னுடும். மழையில அப்படி நின்னா யாரால பிடிக்க முடியும்? அந்த பேரிங் போட்டது நான். கேட்டுட்டு ஒண்ணுமில்லன்னு அனுப்புனதும் நான்."

இத்தனை வருடங்களாக இந்த மனிதர் காலையில் வந்து, விளக்கைப் போட்டு, என்னிடம் நலம் விசாரித்து, வேலை செய்து வீட்டுக்குப் போனது இதைச் சுமந்துகொண்டா? பக்கத்து அறையில் இருந்த எனக்கு ஒரு துளிகூடத் தெரியாமல் போனதே!

"திறக்க வேண்டாம் முசியே," என்றேன். "தெரியாமலே இருக்கட்டும். உங்களுக்கு என்னத்துக்கு?"

"தெரியாம இருக்கணும்னுதான் நசுக்கச் சொன்னேன்," என்றார். "நசுக்கல பாருங்க."

அடுத்த நாள் காலையிலேயே காரை உயர்த்தினார். வேலைக்காரர்களைக் கோப்பிக்கு அனுப்பிவிட்டார். என்னை மட்டும் நிற்கச் சொன்னார், விளக்குப் பிடிப்பதற்கு. பழைய எண்ணெயை வடித்தார். அடியிலுள்ள எண்ணெய்த் தட்டின் திருகாணிகளைக் கழற்றித் தட்டை இறக்கினார். நான் விளக்கை உயர்த்தினேன். எண்ணெய் படிந்து கறுத்த இரும்புக்கு நடுவே, ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ஒரு கோடு. நிறம் மங்கி, அரக்கு மாதிரி ஆகியிருந்தது. ஆனாலும் கத்தரிப்பூ நிறம் என்று தெரிந்தது. ஒரு கோடும் முறியவில்லை. அவள் கோடு போட்ட பிறகு அந்த எஞ்சினை எவரும் திறக்கவில்லை. விற்றவன் வெளியே பெயின்ட் அடித்து, எண்ணைத் தேய்த்து, அப்படியே தள்ளிவிட்டிருக்கிறான். நான் இன்னும் கிட்டப் பார்க்கக் குனிந்ததில் வெளிச்சம் விலகியது. "ஆடாமப் பிடிங்க," என்றார் பத்ரோன்.

முதல் போல்ட்டில் முறுக்குச் சாவியை வைத்து அழுத்தியபோது அந்தக் கோடு பட்டென்று முறிந்தது. அவர் கண்ணை மூடித் திறந்தார். மூடியைக் கழற்றி, அதற்குள் இருந்த பேரிங்கின் அரைவளையத்தை விரலால் நெம்பி எடுத்துத் துணியில் துடைத்தார். கெட்டுப்போன பேரிங்கை நான் அந்தக் கராஜில் நிறையக் கண்டிருக்கிறேன். உருகி, வழித்து, கறுத்துப் போயிருக்கும். இது சாம்பல் நிறத்தில், புதிதாக விளக்கிய வெள்ளிக் கிண்ணம் போல் இருந்தது. முதுகில் செய்தவர்களின் முத்திரையும் தேதியும் அவர் வாங்கிப் போட்டபடியே இருந்தன. அடுத்ததைக் கழற்றினார். அதுவும் அப்படியே. எல்லாவற்றையும் கழற்றினார். நிலத்தில் விரித்த துணியில் அவை வரிசையாகக் கிடந்தன. ஒன்றிலும் கீறலில்லை.

பிறகு விளக்கை என் கையிலிருந்து வாங்கி, உள்ளே மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இங்க," என்றார். ஒரு பிஸ்டனின் பக்கவாட்டில் மட்டும் லேசாகத் தேய்ந்த பளபளப்பு. "இதான் தட்டியிருக்கு. குளிர்ல கொஞ்சம் இடம் இருக்கும், தட்டும். சூடானா பிஸ்டன் பெருத்து நின்னுடும். ஒண்ணும் செய்யாது." விளக்கை இறக்கினார். "ஒண்ணுமில்லன்னு சொன்னேன். ஒண்ணுமில்லதான்."

"அப்ப உங்களாலை இல்லை முசியே," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "கடவுளே, உங்களாலை இல்லை."

அவர் முகத்தில் ஆறுதல் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏறக்குறைய கோபம் இருந்தது. "அப்ப ஏன்?" என்று கேட்டார். "அப்ப என்னதான் ஆச்சு?" தம்மேல் போட்டுக்கொண்ட பழி ஒன்றுதான் அதுவரை அவரிடம் காரணமாக இருந்தது. அதுவும் இப்போது போய்விட்டது. துணியில் கிடந்த பேரிங்குகளுக்குப் பக்கத்தில், எண்ணெய் சிந்திய நிலத்திலேயே அவர் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். வேலைக்காரர்கள் திரும்பி வந்து எங்களைப் பார்த்துத் திகைத்து வாசலிலேயே நின்றார்கள்.

அவர் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். கோடு எதுவும் போடவில்லை. முன்பக்கத்துப் பொய் எண்ணை அரத்தால் ராவி எடுத்து, அந்த இடத்தை வெறுமையாக விட்டார். பேக்கரிக்காரர் கேட்ட தாளில், இது இந்தக் காரோடு பிறந்த எஞ்சின் அல்ல, ஆனால் நல்ல எஞ்சின் என்று எழுதி என்னிடம் தட்டச்சுக்குத் தந்தார். பேக்கரிக்காரர் வந்தபோது, எஞ்சினை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேறொன்று தேடித் தாருங்கள் என்றார். பத்ரோன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "ஓடற எஞ்சின். ஓடட்டும்," என்று பிரெஞ்சில் சொன்னார்.

அன்று காலை மதாமும் வந்திருந்தார். பத்ரோன்தான் வீட்டிலிருந்து கூட்டி வந்தார், என்ன விஷயம் என்று சொல்லாமல். சந்தின் முனையில் தயங்கி நின்றவரை, கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். எஞ்சினைக் காட்டி, யாருடையது என்று சொன்னார். மதாம் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதை ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்ரோன் உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. இரவெல்லாம் குளிரில் நின்ற எஞ்சின். அந்த உறுமலுக்கு அடியில், யாரோ தூரத்துக் கதவைத் தட்டுவது போல, டொக் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. நாங்கள் கேட்டுக்கொண்டே நின்றோம். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் தேய்ந்தது. பிறகு இல்லாமலே போனது. அவர் எஞ்சினை நிறுத்தினார்.

"ஒங்கிட்ட சொல்லாம வெச்சிருந்தேன்," என்றார் மனைவியிடம். "அன்னைக்கு இந்தச் சத்தத்தக் கேளுங்கப்பான்னு எங்கிட்ட வந்தா. ஒண்ணுமில்ல, போன்னுட்டேன். என்னாலதான்னு நெனச்சுக்கிட்டேன். தெறந்து பாத்துட்டேன். எஞ்சின்ல ஒண்ணுமில்ல."

மதாம் காரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்து நான் நாற்காலியை இழுத்தேன். அவர் உட்காரவில்லை.

"எங்கிட்டயும் வந்தா," என்றார்.

பத்ரோன் விளங்காமல் பார்த்தார்.

"இங்கேருந்து நேரா வீட்டுக்குத்தாங்க வந்தா. சுவெட்டர் எடுக்க. வண்டி தட்டுதும்மா, அப்பா ஒண்ணுமில்லங்கறார், போகட்டுமா வேணாமான்னு கேட்டா. வேணாம்னு சொல்லத்தான் கேட்டாளோ என்னமோ. நான் அடுப்புல வேலையா இருந்தேன். அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும், போயிட்டு வாம்மான்னு அனுப்புனேன்." மூச்சு வாங்கினார். "ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா ஒங்களக் குத்தம் சொல்றாப்ல இல்ல இருக்கும்?"

நான் அங்கே நிற்கக்கூடாது என்று தோன்றியது. ஆனாலும் நின்றேன். ஒரே வீட்டில், ஒரே மேசையில், எதிரும் புதிருமாக இருந்து சாப்பிட்ட இரண்டு பேர். ஒரே காலைப் பொழுதை, ஒரே கேள்வியை, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். அவர் தம்மால் என்று நினைத்தார். அவர் மனைவி தம்மால் என்று நினைத்தார். மற்றவரை நோகடிக்கக்கூடாது என்றே இருவரும் வாயைத் திறக்கவில்லை. தமிழ் தெரியாத பேக்கரிக்காரருக்கும் ஏதோ விளங்கியிருக்கவேண்டும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

பத்ரோன் எண்ணெய்க் கையை மேலங்கியில் துடைத்துவிட்டு, "எந்த சுவெட்டர்?" என்று கேட்டார்.

"பச்சை," என்றார் மதாம். "நான் பின்னுனது."

"அப்புறம்? என்ன பேசுனா?"

மதாம் சொல்லத் தொடங்கினார். வாசலில் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தது, சட்டியிலிருந்து நின்றபடியே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டது, கடல்பக்கம் மழையாக இருக்குமா என்று கேட்டது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, பத்ரோன் ஒவ்வொன்றுக்கும் அப்புறம் என்று கேட்டார். பேசிக்கொண்டே இருவரும் கராஜை விட்டு வெளியே போனார்கள். சந்தைத் தாண்டி, ரூ பஜோல் பக்கம் திரும்பும்வரை மதாமின் குரல் கேட்டது. வாடிக்கையாளர் நிற்கிறார், கதவு திறந்து கிடக்கிறது என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை. நான் பேக்கரிக்காரரிடம் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கராஜைப் பூட்டினேன்.